ஓட்டை விழுந்த இலைகள்

"பூச்செடி நிறைய வைத்திருக்கிறேன், பட்டாம்பூச்சியும் வருகிறது, ஆனால் தங்குவதே இல்லை" என்று குறைப்பட்டுக்கொள்பவர்களின் தோட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வாசலில் கொரியன் புல், ஓரத்தில் குரோட்டன்ஸ், மதில்மேல் காகிதப்பூ, பின்பக்கம் வரிசையாக நெட்டிலிங்கம். இலை ஒவ்வொன்றும் துடைத்து வைத்ததுபோல இருக்கும். தேடினாலும் ஓர் ஓட்டை அகப்படாது. வீட்டுக்காரர் அதைப் பெருமையாகவே காட்டுவார். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தேன் குடிக்கப் பட்டாம்பூச்சி பல பூக்களுக்கும் வரும். முட்டையிட மட்டும் தன் புழு தின்னும் இலையைத் தேடிப் போகும். அந்த இலை இனத்துக்கு இனம் வேறு. பெண் பூச்சி இலைமேல் உட்கார்ந்து முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கும். சுவையறியும் நரம்பு காலில் இருப்பதால் இலை சரியானதா என்று அதற்குத் தெரிந்துவிடும். பிடித்தால் முட்டை வைக்கும், இல்லாவிட்டால் பறந்துவிடும். குரோட்டன்ஸைத் தட்டிப் பார்த்த பூச்சி அடுத்த வீட்டுக்குப் போவதில் வியப்பில்லை. (நெட்டிலிங்கத்துக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கறுப்பு இறக்கையில் பச்சைப் புள்ளிகளோடு, பூவில் தேன் குடிக்கும்போதுகூடச் சிறகடிப்பை நிறுத்தாத ஒரு பட்டாம்பூச்சி உண்டு. அதன் புழுவுக்கு நெட்டிலிங்கமும் சீத்தாவும் சாப்பாடு. ஆகவே இருக்கும் மரத்தை வெட்டிவிடாதீர்கள்.)

புழு வேண்டியது பட்டாம்பூச்சிக்காக மட்டுமல்ல. தேன்சிட்டு தேன் குடித்து வாழ்ந்தாலும் தன் குஞ்சுக்குச் சிலந்தியையும் சிறு பூச்சியையும்தான் ஊட்டுகிறது. தானியம் கொத்தும் சிட்டுக்குருவியும் அப்படியே. முதல் சில நாட்களில் குஞ்சின் வயிற்றுக்குப் புழு பூச்சிதான் போக வேண்டும். சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டி மாட்டி, நொய்யரிசியும் கம்பும் தூவிவிட்டு, செடிகளுக்குப் பூச்சிமருந்தும் அடிப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். பெட்டியில் முட்டை பொரியும், குஞ்சு பிழைக்காது.

அரை கிரவுண்டிலிருந்து ஐந்து சென்ட் வரை இடம் உள்ளவர்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதியிருக்கிறேன். செடிகளெல்லாம் தமிழ்நாட்டுச் சமவெளிக்கானவை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பட்டியல் வேறு. மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தும்.

குழம்புக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று

கறிவேப்பிலையில் தொடங்குவோம், அது ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா, குருந்து எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளும் இந்தக் குடும்பத்துச் செடிகளைத் தேடித்தான் முட்டையிட வரும். கொழுந்து இலையில், ஒற்றை ஒற்றையாக, கடுகளவில் வெளிர்மஞ்சள் உருண்டை தெரிந்தால் அது முட்டை. மூன்று நான்கு நாளில் பொரியும். வெளியே வரும் புழு கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சத்தின் தோற்றத்தில் இருப்பதால் குருவி அதைச் சீண்டாது. நான்கு முறை தோலுரித்தபின் பச்சையாக மாறிவிடும். இலைக்கு நடுவே இருந்தாலும் கண்ணில் படாது. அப்போது விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டையாக இரண்டு மென்கொம்புகள் சட்டென்று நீளும், குப்பென்று ஒரு நெடி அடிக்கும். எறும்பையும் சிலந்தியையும் விரட்ட அதற்கு இருக்கும் ஆயுதம் அதுதான். பிறகு ஒரு குச்சியில் நிமிர்ந்து ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். முட்டையிலிருந்து சிறகு விரிய ஏறத்தாழ ஒரு மாதம்.

தொட்டியில் இருக்கும் இளஞ்செடியை நாலைந்து புழுக்கள் மொட்டையடித்துவிடும் என்பதும் உண்மைதான். ரசத்துக்கு இலை இல்லாமல் போனால் வீட்டில் சண்டை வரும். அதனால் செடியை இரண்டாக வையுங்கள். அடுப்படிக்குப் பக்கத்தில் இருப்பது உங்களுக்கு. தோட்டத்து மூலையில் தரையில் நட்ட வில்வமோ நாரத்தையோ கறிவேப்பிலையோ புழுவுக்கு. உங்கள் செடியில் புழு கண்டால் கையால் பிடுங்காதீர்கள். அது உட்கார்ந்திருக்கும் இலையோடு கிள்ளி, மூலைச் செடியின் இலைமேல் வைத்துவிடுங்கள், தானாக நடந்து ஏறிக்கொள்ளும். தரையில் வேர்பிடித்த கறிவேப்பிலை மொட்டையானாலும் சில வாரங்களில் மீண்டும் துளிர்த்துவிடும். கறிவேப்பிலையைக் கவாத்து செய்தால்தான் நன்றாகத் தழைக்கும் என்று நாமே ஒடிக்கிறோம் இல்லையா, அந்த வேலையில் கொஞ்சத்தைப் புழு செய்கிறது.

அடுத்தது எருக்கு. "வீட்டில் எருக்கா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், வேலிக்கு வெளியே தெருப்பக்கம் இருந்தாலும் போதும். வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிக்கு எருக்கிலைதான் தொட்டில். இலைப்பாலிலுள்ள நஞ்சைப் புழு தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. சிறகு முளைத்தபின்னும் அது போவதில்லை. ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை மறுமுறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகும். இந்த நிறத்தை வேறொரு பட்டாம்பூச்சியின் பெண் அப்படியே நகலெடுத்திருக்கிறது. அதற்குச் சொந்தமாக நஞ்சு கிடையாது, புழு தின்பதும் சாதாரணப் பருப்புக்கீரைதான். எருக்கும் பருப்புக்கீரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அசலையும் நகலையும் ஒரே தோட்டத்தில் பார்க்கலாம். எருக்கை ஒடிக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கி, மருத்துவமனைக்குப் போகும்படி ஆகிவிடும்.

கரிசல் நிலத்து வரப்புகளில் படரும் ஆடுதீண்டாப்பாளை கிடைத்தால் விடாதீர்கள். கொடியாக ஏறும் ஈஸ்வரமூலியும் அதே இனம்தான். சிவப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சி இந்தச் செடிகளைத் தவிர வேறெதிலும் வளராது. மூலிகைக் கடையில் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த இனத்துச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். செடி புழுவுக்கு, கஷாயத்துக்கு அல்ல.

இவை தவிர, ஆறடிக்கு நாலடியில் ஒரு மூலையைக் களை எடுக்காமல் விடுங்கள். தும்பை, நாயுருவி, தகரை, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு எல்லாம் மழைக்குத் தானாக முளைக்கும். கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் காய்ந்து கிடந்தால்கூடப் பிடுங்கிவிடாதீர்கள். நீல வரியன் போன்ற பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் காய்ந்த தண்டில் கூட்டமாக மொய்த்து அதன் சாற்றை உறிஞ்சும். பெண்ணை ஈர்க்கும் வாசனையை உடம்பில் உண்டாக்கிக்கொள்ள அந்தச் சாறு வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னுமாக இந்த வரியன்கள் கிழக்குச் சமவெளியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் பெருங்கூட்டமாகப் பறந்து போகும் நாட்களில் உங்கள் மூலையிலும் இறங்கிப் போக வாய்ப்புண்டு. மூலையைச் சுற்றி ஒரு வரிசை செங்கல் பதித்துவிடுங்கள். செங்கல் இருந்தால் வேண்டுமென்றே வைத்திருக்கிறோம் என்று பார்ப்பவர்களுக்குப் புரியும். இல்லாவிட்டால் சோம்பேறித்தனம் என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள். பார்த்தீனியத்தையும் உண்ணிச்செடியையும் மட்டும் முளைத்ததுமே பிடுங்குங்கள். உண்ணிப்பூவுக்குப் பட்டாம்பூச்சி வரும் என்பது மெய். அதன் பழத்தைத் தின்ற பறவை விதையைக் காடு காடாகக் கொண்டுபோய்ப் போடுகிறது என்பதும் மெய்.

மருந்தைப் பற்றி

ரசாயன மருந்து வேண்டாம் என்று சொன்னால் உடனே "நாங்கள் வேப்பெண்ணெய்தான் அடிக்கிறோம்" என்பார்கள். வேப்பெண்ணெய் புழுவைத் தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் செய்து கொல்லும். மண்ணுக்குக் கெடுதல் குறைவு, அவ்வளவுதான். எலுமிச்சை அழகியின் புழுவுக்கு இமிடாகுளோப்ரிட் என்ற ரசாயன மருந்தும் வேப்பெண்ணெயும் ஒன்றுதான். காய்கறிப் பாத்தியில் கட்டாயம் அடிக்க வேண்டும் என்றால் அந்தப் பாத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலையில், தேனீ கூடடைந்த பிறகு அடியுங்கள். நர்சரியில் வாங்கிய செடியைப் புழுச்செடியாக வைப்பதற்கு முன் மருந்து அடித்ததா என்று கேளுங்கள். சந்தேகமிருந்தால் பழைய இலைகள் உதிர்ந்து புதுத் துளிர் வரும்வரை தனியாக வைத்திருங்கள். இமிடாகுளோப்ரிட் வகை மருந்து வேர்வழியாக ஏறி இலைக்கும் தேனுக்கும் வந்துவிடும். தண்ணீர் விட்டுக் கழுவினால் போகாது.

மருந்து இல்லாமல் எப்படி என்று பயப்படுபவர்களுக்குப் பப்பாளி மாவுப்பூச்சியின் கதை தெரிந்திருக்க வேண்டும். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட அந்தப் பூச்சி இரண்டு ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. உடம்பை மூடிய வெள்ளை மெழுகுப் பூச்சினால் எந்த மருந்தும் சரியாகப் பிடிக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற, கண்ணைக் குறுக்கிப் பார்த்தால்தான் தெரியும் குளவியை வேளாண் பல்கலைக்கழகத்தில் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. விட்ட இடத்தில் மருந்து அடித்திருந்தால் முதலில் செத்திருப்பது குளவிதான். உங்கள் செம்பருத்தியில் அசுவினி ஏறினால் இரண்டு வாரம் கைகட்டி நில்லுங்கள். பெரும்பாலும் பொறிவண்டு வந்துவிடும். பொறுமை இல்லையென்றால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், போதும்.

வேலி, புதர், கூடு

காங்கயம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி கட்டியிருப்பார்கள். போத்தை நட்டு, மழைக்குத் துளிர்க்கவிட்டு, ஆண்டுக்கணக்கில் பின்னிப் பின்னி வளர்த்த உயிர்வேலி அது. அதற்குள் ஓணானும் அரணையும் கீரியும் குருவியும் குடியிருக்கும். வீட்டு மதிலுக்குள் அவ்வளவு பெரிதாக முடியாது. மதிலை ஒட்டி மூன்றடி அகலத்தில் ஒரு புதர்வரிசை போதும். களா, நொச்சி, மருதாணி, ஆடாதோடை, வெட்சி ஆகியவற்றைக் கலந்து நெருக்கமாக நடுங்கள். ஒரே செடியை வரிசையாக நட்டுத் தலையை மட்டமாக வெட்டினால் கூடு கட்ட இடமிருக்காது. இந்த வரிசையில் கோவைக்கொடி ஒன்றை ஏற்றிவிட்டால் அதன் சிவந்த பழத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும் வரும்.

தையல்சிட்டுக்குத் தேவை இடுப்புயரத்தில் அகலமான இலையுள்ள ஒரு செடி. அலகால் இலையோரத்தில் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் அந்தத் துளைவழி இழுத்து, இலையின் இரு விளிம்புகளைச் சேர்த்துப் பையாக்கும். துளை மிகச் சிறியது என்பதால் இலை வாடாது, பச்சையாகவே இருக்கும். பக்கத்தில் நின்றாலும் கூடென்று தெரியாது. ஆகவே புதரை வெட்டும் முன் இலைகளை நின்று நிதானமாகப் பாருங்கள், முக்கியமாகக் கோடை தொடங்கியதிலிருந்து மழைக்காலம் முடியும்வரை. அடைகாக்க ஏறத்தாழ பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். ஒரு மாதம் கத்தரிக்கோலைத் தள்ளிவைத்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது. தேன்சிட்டு தாழ்வாரத்துக் கொடிக்கம்பியில்கூடக் கூட்டைத் தொங்கவிடும். அதற்கு நிறைய ஒட்டடை வேண்டும். வீட்டுக்குள் ஒட்டடை அடியுங்கள். தோட்டத்துச் சுவரில் உள்ளதை விட்டுவைக்கலாம்.

சிட்டுக்குருவிப் பெட்டிக்கு ஒரே ஒரு அளவு நினைவிருந்தால் போதும்: வாசல்துளை 32 மி.மீ. அதற்கு மேல் போனால் மைனா பிடித்துக்கொள்ளும். வெயில் நேராக அடிக்காத சுவரில், பூனை தாவ முடியாத உயரத்தில் மாட்டுங்கள்.

கத்தரிப்பூவும் தேனீயும்

தேனீ என்றதும் தேன்கூடு நினைவுக்கு வரும். தோட்டத்துக்கு உழைப்பவற்றில் பல, கூட்டமாக வாழாத தேனீக்கள். கத்தரிப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மஞ்சள் மகரந்தப்பைகள் பக்கவாட்டில் வெடிக்காது. நுனியில் ஒரு சிறு துளை மட்டும் இருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும் பூச்சிக்குத்தான் அந்தத் துளைவழியே மகரந்தம் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீக்கும், வயிற்றில் நீல வளையங்கள் மின்னும் நீலவரித் தேனீக்கும் தெரியும். காலையில் கத்தரிச் செடிப் பக்கம் நின்றால் பறக்கும் ரீங்காரம் சட்டென்று சுருதி ஏறுவது காதில் விழும். பூவைக் குலுக்கும் சத்தம் அது. தக்காளிக்கும் ஆவாரைக்கும் இதே ஏற்பாடுதான்.

தச்சுத் தேனீ காய்ந்த மூங்கிலையும் உளுத்த கட்டையையும் குடைந்து குடியேறும். பந்தல் போட்ட பழைய மூங்கிலைத் தூக்கி எறியாமல் மழை படாத இடத்தில் சாய்த்துவையுங்கள். சிறிய தேனீக்களுக்கு 6 முதல் 10 மி.மீ. துளையுள்ள மெல்லிய மூங்கில் துண்டுகளை, ஒருபக்கம் கணு அடைத்திருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கட்டாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடலாம். நீலவரித் தேனீ மண்ணில் வளை தோண்டும். அதனால் தோட்டம் முழுக்க மூடாக்குப் போட்டுவிடாமல் வெயில்படும் இடத்தில் இரண்டடிக்கு வெறுமண்ணாக விடுங்கள். இதன் ஆண்களுக்கு வீடு கிடையாது. இருட்டும் நேரத்தில் ஒரு காய்ந்த குச்சியில் வரிசையாக வந்து, தாடையால் குச்சியைக் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கித் தூங்கிவிடும். டார்ச் அடித்துத் தேடினால் அதே குச்சியில் மறுநாளும் பார்க்கலாம்.

தண்ணீர்

பறவைக்கு வைக்கும் தண்ணீர் ஆழமாக இருக்கக் கூடாது. சொரசொரப்பான மண்சட்டியின் மூடி, இரண்டு விரற்கடை தண்ணீர், நடுவில் ஒரு கல். பளிங்குபோல வழுக்கும் பீங்கான் தட்டு குருவிக்கு ஆகாது. சுற்றி ஐந்தாறடிக்குப் புதர் இல்லாமல் இருந்தால் பூனை பதுங்க முடியாது. தினமும் கொட்டிவிட்டு மாற்றுங்கள். கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் பிடிக்கும். தினம் கொட்டும் சட்டியில் அது வளர வழியில்லை. டெங்கு ஆய்வுக்கு வரும் மாநகராட்சிப் பணியாளரிடமும் தைரியமாகச் சொல்லலாம்.

சிமெண்ட் தொட்டியில் சிறு குளம் வைப்பதாக இருந்தால் கணக்கு வேறு. அல்லி ஒரு கிழங்கு, கொஞ்சம் வேலம்பாசி, ஓரத்தில் வல்லாரை. ஒருபக்கம் கல் அடுக்கிச் சரிவு அமைத்தால் தவளை ஏறி இறங்கும், தவறி விழுந்த ஓணானும் பிழைக்கும். கொசுப்புழுவைத் தின்ன ஏரி வாய்க்காலில் கிடைக்கும் சிறு மீன்களில் ஐந்தாறு விடுங்கள். நெற்றியில் வெள்ளிப் புள்ளி மின்னும் மீன் இதற்கென்றே பிறந்தது. கம்பூசியா வேண்டாம். அது அமெரிக்காவிலிருந்து வந்தது, தவளை முட்டையையும் தட்டான் குஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடும். தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்கிறது, தட்டான் வெளியே கொசுவைத் தின்கிறது. அதைக் காலி செய்துவிட்டு மீனை நம்புவது நட்டம். ஆகாயத்தாமரையை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சருகும் பட்டமரமும் பாம்பும்

சருகைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே குவித்தால் அதைக் கிளறித் தின்ன தவிட்டுக்குருவிக் கூட்டம் கத்திக்கொண்டே வரும். தென்னை உள்ள வீட்டில் மட்டும் எருக்குழியை இரண்டு மாதத்துக்கொருமுறை கிளறிப் பாருங்கள். காண்டாமிருக வண்டின் தடித்த வெள்ளைப்புழு அதற்குள் வளரும். எடுத்துக் கோழிக்கோ காக்கைக்கோ போடுங்கள். பல்லுயிர் என்று அதையும் வளர்த்தால் தென்னங்குருத்து போய்விடும்.

முருங்கையில் பட்டுப்போன கிளை, கீழே ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக இருந்தால் வெட்டாதீர்கள். மெத்தென்ற அந்தக் கட்டையின் அடிப்பக்கத்தைக் குக்குறுவான் குடைந்து வட்டமான துளை செய்யும். அது காலி செய்த பொந்துக்கு வேறு பறவை வரும்.

பாம்பு வருமா என்றால், வரலாம். தவளையும் எலியும் உள்ள இடத்துக்குச் சாரை வருவது இயல்பு. அது கடித்தாலும் விஷமில்லை, எலியைக் குறைக்கும். கட்டைக் குவியலும் சருகும் கல் அடுக்கும் வீட்டுச் சுவரிலிருந்தும் வாசலிலிருந்தும் தள்ளி, தோட்டத்தின் கடைசியில் இருக்கட்டும். இரவில் டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம். கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவர்களை இரவில் கடிப்பதுண்டு என்பதால் கதவிடுக்கை அடைத்து, கட்டிலில், கொசுவலைக்குள் படுங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் கட்டுப்போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனை.

எப்போது தொடங்குவது

கிளுவைப் போத்தும் முருங்கைப் போத்தும் ஆடியில். புதர்க் கன்றுகளும் புழுச்செடிகளும் புரட்டாசியில், வடகிழக்கு மழைக்குக் கொஞ்சம் முன்னால். மார்கழி வரை தண்ணீர் கவலை இருக்காது. மாசியிலிருந்து ஆனி வரை வாரம் இரண்டு முறை தண்ணீர் விட்டால் முதல் கோடையைத் தாண்டிவிடும்; அடுத்த கோடைக்கு அதுவே சமாளிக்கும்.

எலுமிச்சை அழகியும் வெந்தய வரியனும் முதல் மழைக்காலத்திலேயே வந்துவிடும். தையல்சிட்டுக்குப் புதர் அடர்ந்து வர ஒரு வருடமாவது ஆகும். சிவப்புடல் அழகி மட்டும் அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே இருந்தால்தான் வரும். இரண்டு மழைக்காலம் பார்த்தும் ஆடுதீண்டாப்பாளையில் ஓர் ஓட்டைகூட விழவில்லையென்றால், காயை முற்றவிட்டு விதையெடுத்து, தெருவில் இன்னும் நாலு வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள்.